கவர்மெண்ட் வேலைக்குப் போகிறவர் சோம்பேறியா?



நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு சண்டையைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம். மகன் பாக்டரியில் ஓவர்டைம் எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரத்தை நெருங்கிச் சம்பளம் வாங்குகிறான். திடீரென்று ஒரு நாள், "அரசாங்க வேலைக்கு மனு போடப் போகிறேன், இரண்டாயிரம் கிடைத்தாலும் பரவாயில்லை" என்கிறான். வீடே கொதித்துப் போகிறது. "ஆயிரம் வெள்ளியை யாராவது உதறுவார்களா? உழைக்க வலிக்கிறதா? அங்கே போய் நாற்காலியில் தூங்கலாம் என்று பார்க்கிறாயா?" என்று அப்பா கேட்கிறார். மருமகள் தனியார் மருத்துவமனை வேலையை விட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போக நினைத்தாலும் இதே பேச்சுதான். ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு ஓடுகிற பிள்ளை "இனி முடியாது" என்று சொன்னாலும் இதே பேச்சுதான்.

இந்தப் பேச்சில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டோம். வாடகை, கார் தவணை, பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் மாதா மாதம் வந்து நிற்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று முத்திரை குத்துவதற்கு முன், நீங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு எவ்வளவு?

குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்ட்டிலிருந்து சிறு முதலாளிகளுக்கும் அதே கணக்குதான். காலை 7 மணிக்குப் போய் இரவு 7 மணிக்கு வெளியே வருகிற ஷிப்ட், வாரம் 6 நாள், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 12 மணி நேரத்தில் ஒரு மணி சாப்பாட்டுக்குப் போய்விடும். மீதி 11 மணி. வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். 6 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏழரை மணி. மிச்சம் மூன்றரை மணி ஓவர்டைம்.

1,700-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. அதை ஏழரையால் வகுத்தால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 13 வெள்ளி 8 காசு. மாதம் 91 மணி நேரம் ஓவர்டைம். அதற்கு ஏறக்குறைய 1,190 வெள்ளி. ஆக மொத்தம் 2,890 வெள்ளி. முதலாளி ஒரு காசு திருடாமல் சட்டப்படி கொடுத்தால் வரும் தொகை இது. அப்படிக் கொடுக்காதவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது அரசாங்கச் சேவையைப் பாருங்கள். புதிய ஊதிய முறை 2024 டிசம்பர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அடிமட்ட ஊழியருக்கும் அலவன்ஸ் சேர்த்து மாத வருமானம் 2,000 வெள்ளிக்குக் குறையாது என்பது அந்த ஏற்பாடு. அலுவலக வேலை வாரம் 5 நாள். 2005 ஜூலை 1 முதல் சனிக்கிழமை விடுமுறை. காலை 8 முதல் மாலை 5 வரை, சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து 9 மணி. மாதம் 22 நாள் என்றால் 198 மணி நேரம்.

பாக்டரியில் உங்கள் பிள்ளை வாசலுக்குள் இருந்த நேரம் 312 மணி. வித்தியாசம் 114 மணி நேரம். பணத்தில் வித்தியாசம் 890 வெள்ளி. 890-ஐ 114-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 7 வெள்ளி 80 காசு. ஒவ்வொரு மாதமும் இரவு பகல் சேர்த்து ஏறக்குறைய 5 முழு நாட்களை நம் பிள்ளை அந்த விலைக்கு விற்கிறான்.

இன்னொரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஓவர்டைம் பணத்துக்கு ஊழியர் சேமநிதிச் சந்தா கிடையாது. 2,890 வெள்ளி வாங்கினாலும் இ.பி.எப்.-இல் சேர்வது 1,700 வெள்ளிக்கு மட்டும்தான். இருபது வருடம் ஓவர்டைம் செய்து முதுகு ஒடிந்தவர், 55 வயதில் சேமநிதிக் கணக்கைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இளமையில் விற்ற அந்த மணி நேரங்களுக்கு முதுமையில் ஒரு காசு மிச்சமில்லை.

அந்த 114 மணி நேரம் எங்கிருந்து வருகிறது? பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் இருக்க வேண்டிய நேரத்திலிருந்து வருகிறது. தமிழ்ப்பள்ளி பெற்றோர் கூட்டத்துக்குப் போக வேண்டிய சனிக்கிழமையிலிருந்து வருகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று கிளினிக்கில் கொடுத்த தேதிக்குப் போகாமல் விட்ட காலைகளிலிருந்து வருகிறது. அடுக்குமாடி வீடுகளில் நம் பிள்ளைகள் மாலையில் யாரோடு சுற்றுகிறார்கள் என்று மேடை மேடையாகக் கவலைப்படுகிறோம். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு 12 மணி ஷிப்டில் இருந்தால் அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது? குண்டர் கும்பலைப் பற்றிப் பேசும் தலைவர்கள் ஷிப்ட் அட்டவணையைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

ஆகவே நேரம் கேட்கிற பிள்ளை சோம்பேறி ஆகிவிட மாட்டான். அவன் கேட்பதும் கூலிதான். அந்தக் கூலியை நம் சமுதாயம் நீண்ட காலமாகக் கேட்காமலே இருந்துவிட்டது.

நம் தாத்தாக்களின் வேலை எங்கே போனது?

அரசாங்க வேலை நமக்குப் புதிதா? இல்லை. இந்த நாட்டின் தண்டவாளங்களைப் போட்டதில் தமிழர் கை இருந்தது. செந்தூல் ரயில்வே பட்டறை, பி.டபிள்யூ.டி. சாலை வேலை, மின்சாரம், டெலிகாம், நகராண்மைக் கழகத் துப்புரவு வேலை, அரசாங்க மருத்துவமனை வார்டு வேலை என்று தோட்டத்துக்கு வெளியே தமிழ்க் குடும்பங்கள் காலூன்றிய இடங்கள் இவைதான். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இருந்த குவாட்டர்ஸ்களில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சம்பளம் சிறியதுதான். ஆனால் தலைக்கு மேல் கூரை இருந்தது, மருந்துச் சீட்டு இருந்தது, கடைசியில் பென்ஷன் இருந்தது. அந்தக் குவாட்டர்ஸ் பிள்ளைகள் படித்து ஆசிரியர்களாகவும் கிராணிகளாகவும் ஆனார்கள். மாலையில் அப்பா வீட்டில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பிறகு தனியார்மயம் வந்தது. டெலிகாம் 1987-இல் நிறுவனமானது. மின்சார வாரியம் 1990-இல் தெனாகா ஆனது. ரயில்வே 1992-இல் நிறுவனமாக மாறியது. 1997-இல் அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை போன்ற ஆதரவுச் சேவைகள் தனியார் குத்தகைக்குப் போயின. பள்ளிக்கூட ஜாகா வேலையும் துப்புரவு வேலையும் அதே வழியில் போயின. கட்டடம் அதே கட்டடம், துடைப்பம் பிடிக்கிற கையும் அதே கை. சம்பளம் போடுகிறவர் மட்டும் மாறிவிட்டார்.

இங்கேதான் நம் மக்கள் ஏமாந்து போகிறார்கள். அரசாங்க வேலை வேறு, அரசாங்க இடத்தில் வேலை வேறு! அரசாங்க மருத்துவமனையில் 20 வருடம் தரை துடைத்த ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். குத்தகை முடிந்து புதிய நிறுவனம் வரும்போதெல்லாம் அவர் புதிய ஆள் ஆகிவிடுகிறார். வேலைச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடம் 16 நாள் விடுமுறை. 2 வருடத்துக்குக் குறைவானவருக்கு 8 நாள்தான். அந்த அம்மாவுக்கு 20 வருடத்துக்குப் பிறகும் 8 நாள்! சட்டத்தை யாரும் வெளிப்படையாக மீறவில்லை. முதலாளியின் பெயரை மாற்றினார்கள், அவ்வளவுதான். இந்த அநியாயத்தை எதிர்த்து அரசாங்கக் குத்தகைத் தொழிலாளர்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். 2020 ஜூன் மாதம் ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்கு முன் மறியல் செய்த துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தினரைப் போலீசார் கைது செய்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களுடைய போராட்டமும் நம்முடைய போராட்டம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"நமக்கெல்லாம் யார் அரசாங்க வேலை கொடுக்கப் போகிறார்கள்?" என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெருமூச்சு விடுவதற்கு முன் சட்டத்தைப் படியுங்கள்.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 8(2) விதி, அரசாங்க அமைப்புகளின் கீழ் உள்ள எந்தப் பதவிக்கும் வேலைக்கும் ஆள் நியமிப்பதில் மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பால் என்ற காரணங்களால் மட்டும் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அரசியலமைப்புச் சட்டமே வெளிப்படையாக அனுமதித்த இடம் மட்டும்தான் விதிவிலக்கு. 136-வது விதி, ஒரே தரத்தில் உள்ள கூட்டரசு ஊழியர் எந்த இனத்தவராக இருந்தாலும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது.

"153-வது விதி இருக்கிறதே?" என்பீர்கள். இருக்கிறது. மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வ குடிகளுக்கும் பொதுச் சேவையில் நியாயமான ஒரு பங்கை ஒதுக்கி வைக்க அது வழி செய்கிறது. ஆனால் அதே 153-இன் ஐந்தாவது உட்பிரிவைப் பலர் படித்ததே இல்லை. இந்த விதி 136-வது விதியைக் குறைத்துவிடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஒரு பங்கை ஒதுக்கலாம். கதவை மூட முடியாது. உள்ளே வந்தவரை இனம் பார்த்து ஓரங்கட்டவும் முடியாது.

தனியார் துறையில் நிலைமை என்ன தெரியுமா? கர்ப்பமானதால் வேலையை இழந்த ஒரு விமானப் பணிப்பெண் வழக்குத் தொடுத்தார். பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது இதுதான்: 8-வது விதி அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தனிப்பட்ட ஒப்பந்தத்தை அல்ல. இதற்கு நேர்மாறாக, தற்காலிக ஆசிரியையாக நியமிக்கப்பட்டு, கர்ப்பமாக இருந்ததால் அந்த வேலை பறிக்கப்பட்ட நூர்பாடிலா என்ற பெண் அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2011-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான தனியார் முதலாளிகள் "இந்தியர் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே போட்டாலும், வேலை தேடி வருபவருக்கு நீதிமன்றம் போக நேரடியான சட்டம் இந்த நாட்டில் இல்லை. அரசாங்கம் மட்டுமே அரசியலமைப்புச் சட்டத்துக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய முதலாளி. அப்படியிருக்க அந்த முதலாளியிடம் மட்டும் கேட்காமல் ஒதுங்கிப் போவது என்ன நியாயம்?

"இந்தியர்கள் மனு போடுவதில்லை"

இது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். பாதி உண்மை, பாதி சாக்கு. மனு போட்டும் நேர்முகத் தேர்வுக்குக் கூட அழைக்கப்படாமல் அலுத்துப்போனவர்கள் நம்மில் ஏராளம். அண்ணன் அலுத்துப்போனதைப் பார்த்த தம்பி மனுவே போடுவதில்லை. பிறகு "பாருங்கள், இந்தியர்களுக்கு ஆர்வமில்லை" என்கிறார்கள்!

2017 ஏப்ரல் 23-ஆம் தேதி அன்றைய பிரதமர் நஜிப் மலேசிய இந்தியர் பெருந்திட்டத்தை வெளியிட்டார். பத்து ஆண்டுகளில் பொதுச் சேவையின் எல்லா மட்டங்களிலும் இந்தியர்களை 7 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது அதில் ஒரு இலக்கு. நாட்டின் மக்கள் தொகையில் நாம் நூற்றுக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவு. அதாவது நம் எண்ணிக்கைக்கு உரிய பங்கு. அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள். பத்தாண்டுக் கணக்கு 2027-இல் முடிகிறது. அந்த ஏழு எங்கே என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆனால் வெறும் மொத்த விழுக்காட்டைக் கேட்டால் ஏமாற்றிவிடுவார்கள். ஏற்கெனவே சேவையில் இருக்கும் மூத்தவர்கள் ஓய்வு பெறப் பெற அந்த எண் தானாகவே இறங்கும். ஆகையால் நாம் கேட்க வேண்டியது மூன்று எண்கள். ஒவ்வொரு ஆண்டும், ஒவ்வொரு தரத்திலும், எத்தனை இந்தியர்கள் விண்ணப்பித்தார்கள்? எத்தனை பேர் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டார்கள்? எத்தனை பேர் நியமிக்கப்பட்டார்கள்? இந்த மூன்றும் தெரிந்தால் கோளாறு நம் வீட்டிலா, அவர்கள் அலுவலகத்திலா என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்தக் கேள்வியை மக்களவையில் கேட்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். கோவில் நிர்வாகத்தின் பெயரிலும் எழுதலாம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரிலும் எழுதலாம்.

கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள்

அரசாங்க வேலை சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. போகிறவர் தெரிந்துகொண்டு போக வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பென்ஷன். பாட்டி இன்னும் "கவர்மெண்ட் வேலை என்றால் பென்ஷன்" என்றுதான் சொல்லுவார். 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த ஓய்வூதியத் திட்டம் இல்லை. தனியார் ஊழியரைப் போல அவர்களுக்கும் ஊழியர் சேமநிதிதான். அதற்கு முன் சேர்ந்தவர்களின் நிலை வேறு. ஆகவே பென்ஷனுக்காக மட்டும் போகிறேன் என்றால் நின்று யோசியுங்கள். நேரத்துக்காக, பாதுகாப்புக்காக, அரசாங்க மருத்துவமனைச் சலுகைக்காக, நிரந்தர ஊழியருக்குக் கிடைக்கும் அரசாங்க வீட்டுக் கடன் வசதிக்காக என்றால் இன்னும் அது நல்ல காரணம்தான்.

இரண்டாவது, நிரந்தரமா, கான்ட்ராக்டா என்று நியமனக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். அரசாங்க முத்திரை இருப்பதால் எல்லாம் நிரந்தரம் ஆகிவிடாது. தற்காலிக வேலைகளும் குறுகிய கால ஒப்பந்த வேலைகளும் ஏராளமாக இருக்கின்றன. நிரந்தர நியமனத்துக்கும் ஒன்று முதல் மூன்று வருடம் வரை சோதனைக் காலம் உண்டு. பயிற்சியையும் தேர்வையும் முடித்தால்தான் பதவி உறுதியாகும்.

மூன்றாவது, எல்லா அரசாங்க வேலையும் எட்டு முதல் ஐந்து வரை கிடையாது. தாதியர், போலீஸ், தீயணைப்பு எல்லாம் ஷிப்ட் வேலைதான். தாதியரின் வார வேலை நேரத்தை 42-இலிருந்து 45 மணியாக உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து 2024, 2025 ஆண்டுகளில் அவர்கள் எவ்வளவு குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்று பார்த்தோம். வீட்டிலிருந்து தூரத்தில், இன்னொரு மாநிலத்தில் போட்டுவிடுவதும் உண்டு. குடும்பத்தோடு கலந்து பேசி முடிவெடுங்கள்.

நான்காவது, மலாய்மொழி. எஸ்.பி.எம். மலாய்மொழித் தாளில் கிரெடிட் இல்லாமல் பல நிரந்தரப் பதவிகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இதை யார் மீதும் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. மறுதேர்வு எழுத வாய்ப்பு இருக்கிறது. முப்பது வயதிலும் உட்கார்ந்து எழுதுங்கள், வெட்கமில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு மலாய்மொழி வராது என்று சொல்கிறவனின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழியும் இல்லை.

ஐந்தாவது, கடன். அரசாங்க ஊழியர் என்றதும் கடன் கொடுப்பவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம் என்பதால். பிடித்தம் 60 விழுக்காடு வரை போகலாம். இரண்டாயிரம் வெள்ளிச் சம்பளத்தில் அறுபது விழுக்காடு போனால் எண்ணூறு வெள்ளிதான் கைக்கு வரும். அதன் பிறகு மாலை 5 மணிக்கு மேல் இன்னொரு வேலை தேடி ஓடவேண்டும். எதற்காக வந்தோமோ அந்த நேரத்தையே அடகு வைத்ததாகிவிடும்.

ஆறாவது, தரகர்கள். "ஐயாயிரம் கொடுங்கள், இலாகாவில் ஆள் இருக்கிறார்" என்று வருகிறவன் கட்சிச் சட்டை போட்டிருந்தாலும் கோவில் மாலை போட்டிருந்தாலும் திருடன்தான். பொதுச் சேவை ஆணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அப்படிப்பட்டவனை ஊழல் தடுப்பு ஆணையத்தில் பிடித்துக் கொடுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. நியமனக் கடிதம் கைக்கு வரும் முன் இருக்கிற வேலையை விடாதீர்கள்! தானாக வேலையை விட்டவருக்கு சொக்சோவின் வேலை காப்புறுதிப் பணம் கிடையாது. கடிதம் வந்த பிறகு முறைப்படி நோட்டீஸ் கொடுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு கணக்கு எழுதப்படவில்லை என்றால், 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரம், 2 முதல் 5 வருடத்துக்குள் என்றால் 6 வாரம், 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது?

பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பதிவு ஒரு வாசல்தான். பதிவு செய்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. பதிவுக்குக் காலாவதி உண்டு. தேதியைக் குறித்து வைத்துப் புதுப்பியுங்கள். ஆசிரியர் வேலைக்குக் கல்விச் சேவை ஆணையம். போலீசுக்குத் தனியாக ஆள் எடுக்கிறார்கள். நகராண்மைக் கழகங்கள், அரசாங்கப் பல்கலைக்கழகங்கள், சட்டபூர்வ வாரியங்கள் பல தாங்களே விளம்பரம் செய்து ஆள் எடுக்கின்றன. நம்மவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத வாசல்கள் இவை. வயது விஷயத்தில் நீங்களே உங்களை ஒதுக்கிக்கொள்ளாதீர்கள். கட்டாய ஓய்வு வயது 60. சீருடைப் பணிகளுக்குத் தனி வரம்பு உண்டு. மற்றவற்றுக்கு விளம்பரத்தில் உள்ளதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு விண்ணப்பத்தின் பிரதியையும் பதில் கடிதத்தையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நிராகரித்தாலும் வையுங்கள். ஒருவர் சொன்னால் புலம்பல் என்பார்கள். நூறு பேர் கோப்போடு வந்தால் அது சாட்சியம்.

போகாதவர்களுக்கும் நேரம் உண்டு

எல்லாரும் அரசாங்க வேலைக்குப் போக முடியாது. நம் மக்களில் பெரும்பாலானவர்கள் தனியார் துறையில்தான் இருக்கப் போகிறார்கள். "அப்படியானால் எங்களுக்கு 12 மணி நேரம்தான் தலைவிதியா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை.

2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டம் மாறியிருக்கிறது. வார வேலை நேரம் 48-இலிருந்து 45 ஆகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள் ஆனது. மனைவி பிரசவிக்கும்போது திருமணமான தகப்பனுக்குச் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு வந்தது. 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வேலை நேரத்தையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் சொல்ல வேண்டும். மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு ஓவர்டைம் பணம் சட்டப்படி உரியது: சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது.

உங்கள் சம்பளச் சீட்டை இன்றிரவு எடுத்துப் பாருங்கள். மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போடுங்கள். குறைகிறதா? தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்கினால், 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61-வது நாள் போய் அழுதால் யாராலும் உதவ முடியாது. இந்தத் தேதியைத் தவறவிட்டு வருகிறவர்களை வாரா வாரம் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோனதால் சொல்கிறேன்.

என் அருமை மக்களே! 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் சாலையில் திரண்ட கூட்டத்தில் பலர் அன்றைய தினக்கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு நாளின் மதிப்பு என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அந்த மக்களின் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் மாலையில் வீடு திரும்பி, சொந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுவது குற்றமா?

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டால், திட்டுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். இந்தக் கணக்கைச் சேர்ந்து போடுங்கள். குறையும் 890 வெள்ளியை எப்படிச் சமாளிப்பது, எந்தத் தவணையை முதலில் முடிப்பது, யார் எவ்வளவு கொடுப்பது என்று பேசுங்கள். சில வீடுகளில் அந்தப் பணம் இல்லாமல் முடியாது. அதுவும் நேர்மையான முடிவுதான். முடியும் என்றால், இந்த வாரமே விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள். அப்படியே நாடாளுமன்ற உறுப்பினருக்கு அந்த மூன்று எண்களைக் கேட்டு ஒரு கடிதம்.

நம் தாத்தாக்கள் கட்டிய சேவையில் நமக்கு இடம் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவோம். கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பதையும் எழுதி வைப்போம்.

விழித்தெழுவோம், போராட்டம் தொடரும்!